அரபி ஃபைலும் குளத்துக் கரண்டியும்

7 ஜனவரி 2025, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகப் பரோட்டாவைத் திருப்பினேன். கல்லில் இல்லை, கம்ப்யூட்டரில். ஷார்ஜாவில், ரோலா பக்கம் புதிதாகத் திறக்கும் ஹோட்டலுக்கு மெனு கார்டு. ஆங்கிலப் பக்கத்தில் பரோட்டா இடது ஓரம். அரபி வலமிருந்து இடம் போகும் எழுத்தாயிற்றே, அந்தப் பக்கத்தில் எல்லாமே கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற வேண்டும். படத்தைத் தொட்டு ஃப்ளிப் அழுத்தினால் முடிந்தது. ஆறு வருடமாக என் பிழைப்பு இதுதான். ஒரே ஒரு தடவை, வாடகைக் கார் விளம்பரம் ஒன்றைத் திருப்பியதில் ஸ்டீயரிங் வலது பக்கம் போய்விட்டது. "ஏம்மா, இந்தக் காரை மதுரையில இருந்து ஓட்டிட்டு வந்தீங்களா?" என்று மானேஜர் சாதிக் பாட்ஷா சார் ஒரு வாரம் என்னை ஓட்டினார்.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். அல் ஐனில் 'தண்ணீரும் மனிதரும்' என்று ஒரு கண்காட்சி. அதில் ஒரு மூலைக்கு, அயர்லாந்தில் தோண்டி எடுத்த பழைய தண்ணீர் மில் ஒன்றைப் பாதி அளவில் செய்து ஓடவிட வேண்டுமாம். படம், பலகை, பட்டறை வேலை எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பு. "நீங்க பாக்குறீங்களா ராதா?" என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது, சொல்லாமல் என்ன!

9 ஜனவரி, வியாழன்

அகழ்வாய்வு அறிக்கை வந்தது. தலையணை கனம். நான் புரிந்துகொண்ட வரைக்கும்: ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் கடற்கரை ஓரம் கிறிஸ்தவத் துறவிகள் மடம் ஒன்று கட்டி இருந்திருக்கிறார்கள். கடலை ஒட்டி ஒரு குளம் வெட்டினார்கள். ஓதம் ஏறும்போது குளம் தானாக நிரம்பும். கடல் பின்வாங்கியதும் கதவைத் திறந்தால், தண்ணீர் ஒரு மரத் தூம்பு வழியாகச் சீறி வந்து சக்கரத்தில் அடிக்கும். சக்கரம் நிமிர்ந்து நிற்காது, தட்டாமாலை சுற்றுகிற மாதிரி படுத்த வாக்கில் சுற்றும். அதே அச்சில் மேலே திருகைக் கல். கீழே சக்கரம் சுற்ற, மேலே கல் சுற்ற, பார்லி மாவாகும். காசு இல்லாமல் கடலை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்!

போனில் அப்பாவிடம் சொன்னேன், மடத்து மில் செய்கிறேன் என்று. "எந்த ஆதீனம்?" என்று கேட்டார்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். குக்கரில் பொங்கி, ஜன்னலோரம் சூரியனுக்குக் காட்டிவிட்டு ஆபீஸ் ஓடினேன். முதல் வீடியோ கால், மில்லைத் தோண்டிய ஆய்வாளர் அம்மாவோடு. மெயிலில் பெயர் ஏ-ஓ-ஐ-எஃப்-ஈ என்று இருந்தது. 'டாக்டர் அவோய்ஃபே' என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்து, "ஈஃபா" என்றார். எழுதுவது ஒன்று, கூப்பிடுவது ஒன்று. நான் விடவில்லை. தமிழ் என்று ஆங்கிலத்தில், கடைசியில் இசட்-ஹெச் போட்டு, எழுதிக் காட்டி வாசிக்கச் சொன்னேன். 'டாமிஸ்' என்றார். கணக்குத் தீர்ந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பின்னால் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

17 ஜனவரி, வெள்ளி

ஈஃபா இன்று கரண்டிகளைக் காட்டினார். சக்கரத்தைச் சுற்றிக் குத்தியிருக்கும் மரத் துடுப்புகளை நான் கரண்டி என்றுதான் சொல்கிறேன், அசல் குழிக்கரண்டிதான். குழிவில் தண்ணீர் மோதினால் தள்ளும். முதுகில் மோதினால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதனால் குழிவு எல்லாம் தூம்பைப் பார்த்தே இருக்க வேண்டும்.

சேற்றில் கிடைத்த கரண்டிகள் எல்லாம் ஒரே திசையில் வளைந்தவை, நன்றாகத் தேய்ந்தவை. ஒன்று மட்டும் எதிர்த் திசை. அது சக்கரத்துக்கு அருகில் இல்லை, குளத்தின் நடுவில் கிடந்தது. தேய்மானமே இல்லை. அதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தண்ணீருக்குப் போட்ட காணிக்கை என்கிறார் ஒருவர். குழந்தையின் விளையாட்டுச் சாமான் என்கிறார் இன்னொருவர். ஈஃபாவின் கட்சி வேறு. எதிர்ப்பக்கம் சுற்றும் இரண்டாவது மில் ஒன்று அங்கே இருந்தது, இந்தக் கரண்டி அதற்காகச் செய்தது என்கிறார். அந்த மில்லைத் தேடி இரண்டு கோடை தோண்டியிருக்கிறார்கள்.

"கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"சேறு கிடைத்தது" என்றார். சிரித்தார், ஆனால் அவருக்கு அது வலிக்கிற இடம் என்று தெரிந்தது.

21 ஜனவரி, செவ்வாய்

வரைபடங்கள் முடிந்தன. ஆங்கிலப் பலகையில் கடல் இடதில், பிறகு குளம், தூம்பு, சக்கரம். அதை ஈஃபா பார்த்து சரி சொன்ன கையோடு அரபிப் பலகையையும் முடித்து இரண்டையும் பட்டறைக்காரர்கள் எடுத்துச் செய்வதற்காகச் சர்வரில் போட்டேன். கண் சிமிட்டும் நேரம்தான் ஆனது. கை பழகிய வேலை.

28 ஜனவரி, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன், இண்டஸ்ட்ரியல் ஏரியா. மரவேலைக்கு மீராசா பாய், எங்கள் ஃபோர்மேன். காயல்பட்டினத்துக்காரர். தாடியெல்லாம் மரத்தூள். பாதிக் கரண்டிகள் தயாராகி மேஜையில் வரிசையாகக் கிடந்தன. ஓக் மரம், வழவழவென்று அவ்வளவு அழகு. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

"ராதாம்மா, ரசம் ஊத்திக் குடிச்சுப் பாருங்களேன்" என்றார் மீராசா பாய்.

தூம்பும் அதன் தொட்டியும் அஜ்மானில் வேறு பட்டறையில் நடக்கிறது. அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

30 ஜனவரி, வியாழன்

என் மகள் தன்யா குண்டு ஒன்றைப் போட்டாள். பிப்ரவரி 18 திறப்பு விழாவுக்கு அவள் வகுப்பு முழுவதும் அல் ஐன் வருகிறதாம். டீச்சரிடம் இவளே பேசி ஏற்பாடு செய்திருக்கிறாள்.

"அம்மா, மை மாம் மேட் எ மில்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். மாவு வரும், பிரெட் தருவாங்கன்னும் சொல்லிட்டேன்."

"பிரெட்டா? யாரைக் கேட்டுடி சொன்ன?"

"யூ ஸெட் இட் வில் வொர்க்."

என் கணவர் ஸ்ரீகாந்த் பேப்பரை மூஞ்சிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேப்பர் குலுங்கியது. அப்பனும் மகளும் ஒரு கட்சி. மாவு வராவிட்டால் என் கதி என்ன என்று ஒருவருக்கும் கவலை இல்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

ஓட்டிப் பார்த்தோம்.

பம்பைப் போட்டதும் தூம்பிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. சக்கரம் சுற்றியது! நான் கைதட்டிக் குதித்தே விட்டேன். அப்புறம் திருகைக் கல்லை ஏற்றினோம். நின்றுவிட்டது. கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் ரெண்டு சுற்று முனகிவிட்டு மறுபடி நிற்கிறது. தண்ணீர் மட்டும் எட்டுத் திக்கும் தெறித்து மீராசா பாய் தலையோடு குளித்தார்.

அச்சுக்கு கிரீஸ் போட்டோம். பம்பைக் கூட்டினோம். கல்லைக் கொஞ்சம் தூக்கினோம். தூக்கினால் சுற்றுகிறது, ஆனால் பார்லி உள்ளே போன மாதிரியே வெளியே வருகிறது. சாதிக் சார் ஒரு மணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதை அப்படியே மறுபடி விக்கலாம்மா" என்றார்.

5 பிப்ரவரி, புதன்

இன்றும் நின்றது. பெரிய பம்ப் வாங்கினோம். இன்னும் நன்றாக நனைந்தோம். அவ்வளவுதான்.

6 பிப்ரவரி, வியாழன்

வேறு வழியில்லாமல் ஈஃபாவைக் கூப்பிட்டு, போனைப் பட்டறை முழுக்கச் சுற்றிக் காட்டினேன். கல்லைப் பார்த்தார். அச்சைப் பார்த்தார். "பிரமாதமான வேலை" என்றார். சக்கரத்துக்கு வந்ததும் போனை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னார்.

"ராதா, உங்கள் தச்சர் இடது கைக்காரரா?"

நான் சிரித்தேன். மீராசா பாயிடம் தமிழில் சொன்னேன், அவரும் சிரித்தார். ஈஃபா சிரிக்கவில்லை. "கரண்டிகள் எல்லாம் தூம்புக்கு முதுகைக் காட்டுகின்றன" என்றார்.

அப்புறம் நானும் சிரிக்கவில்லை. ஓடிப்போய் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். அரபி எழுத்து. அரபிப் பலகைக்காக நான் செய்த படம். கடல் வலதில், சக்கரம் இடதில். அன்றைக்குக் கை பழக்கத்தில் ஃப்ளிப் அழுத்தினேன் இல்லையா, அப்போது கரண்டியும் சேர்ந்தே திரும்பியிருக்கிறது. பரோட்டாவைத் திருப்பினால் பரோட்டாதான். கரண்டியைத் திருப்பினால் அது வேறு கரண்டி. சனியன், இது எனக்கு உறைக்கவே இல்லையே!

"பாய், ஏன் அரபி ஃபைலை எடுத்தீங்க? இங்கிலீஷ் ஃபைல் பக்கத்துலயேதானே இருக்கு?"

"நான் எப்பவும் அரபி ஃபைலுதான் எடுப்பேன், ராதாம்மா. இங்கிலீஷு ஃபைலுல பத்து திருத்தம் வரும். எல்லாம் முடிஞ்ச பொறவுதானே அரபி போடுவாங்க. அரபி வந்துட்டா கலாஸ், அதுதான் கடேசி ஃபைலு."

இதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. இந்த ஊரில் எந்தப் பட்டறையும் அப்படித்தான். அஜ்மான்காரன் ஆங்கில ஃபைலை எடுத்து தூம்பைச் சரியாகச் செய்திருக்கிறான். மீராசா பாய் அரபி ஃபைலை எடுத்துக் கரண்டியைத் திருப்பிச் செய்திருக்கிறார். ரெண்டு பேரும் ஒரே ஃபைலை எடுத்திருந்தால்கூட மில் ஓடியிருக்கும். வலது காலுக்கு ஒரு செருப்பு, இடது காலுக்கும் வலது செருப்பு என்று ஆக்கி வைத்திருப்பது நான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். தன்யாவுக்குத் தெரியாமல் குளியலறையில். ஸ்ரீகாந்துக்குத் தெரிந்துவிட்டது. காபி போட்டுக் கொடுத்து, "ராது, கண்டுபிடிச்சாச்சுல்ல? கண்டுபிடிக்காம இருந்தாத்தானே அழணும்" என்றார். கணக்கு எழுதுகிறவருக்கு எப்படித்தான் சில நேரம் இப்படிப் பேச வருகிறதோ.

7 பிப்ரவரி, வெள்ளி

சாதிக் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், ரொம்ப அமைதியாக வழி சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

"தூம்பை அந்தப் பக்கம் மாத்தச் சொல்லுங்க. ரெண்டு நாள் வேலை. சக்கரம் சுத்தும். முடிஞ்சு போச்சு."

"சார், அப்போ மில்லு எதிர்ப்பக்கமா சுத்தும். தோண்டி எடுத்தது இந்தப் பக்கம்தான் சுத்துச்சு. அடிக்கல்லுல தேய்மானம் பாத்து நிரூபிச்சிருக்காங்க."

"இங்க யாருக்கும்மா தெரியப்போகுது? சாமியாரா வந்து பாக்கப்போறாரு?"

பாதி மனசு சரி என்றது. ஏன் பாதி, முக்கால். கரண்டி எல்லாவற்றையும் புதிதாகச் செதுக்கினால் 17ஆம் தேதி வரை இழுக்கும். ஒருமுறை ஓட்டிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. மறுநாள் என் மகள் வகுப்போடு வந்து நிற்பாள். ஆனால் வாய் இருக்கிறதே, அது மனசைக் கேட்பதில்லை.

"ஆறு வருஷமா எல்லாத்தையும் திருப்பிக்கிட்டே இருக்கேன் சார். இதையும் திருப்ப முடியாது. அவங்க இருபது வருஷம் சேத்துல நின்னு எடுத்தது."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. உங்க இஷ்டம். ஆனா பதினெட்டாம் தேதி அது சுத்தலேன்னா மறுபடி மெனு கார்டுதான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அச்சா?"

அச்சா என்றுவிட்டேன். நாக்கில்தான் சனி எனக்கு.

பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். எங்கே மூஞ்சியைக் காட்டுவாரோ என்று பயம். மீராசா பாய் புது ஓக் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜும்ஆ முடிஞ்சு வந்து ஆரம்பிச்சுருவோம்" என்றார். குளத்தில் கிடைத்த அந்த எதிர்த் திசைக் கரண்டியின் போட்டோவை அவரிடம் காட்டினேன், நம் கரண்டியும் அதுவும் அச்சு அசல் ஒன்று என்று.

உற்றுப் பார்த்தார். "பாவம், அந்த சாமியாரும் அரபி ஃபைலைப் பாத்துட்டாரு போல" என்றார்.

பட்டறையே சிரித்தது. நானும்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

8 பிப்ரவரி, சனி

மீராசா பாய் விளையாட்டாகச் சொன்னது தலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஏன் இருக்கக் கூடாது? ஒரு கரண்டி உடைகிறது. தச்சர் உடைந்ததை எதிரில் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று செதுக்குகிறார். எதிரில் வைத்தால் அது நம்மைப் பார்க்கும். அதைப் பார்த்து அப்படியே செய்தால், கண்ணாடியில் பார்த்துச் செய்கிற மாதிரி, திரும்பித்தான் வரும். முடித்துக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் வைத்துப் பார்க்கிறார். அட ச்சே! பக்கத்தில் நிற்கிறவன் சிரிக்கிறான். கோபத்தில் குளத்தில் வீசுகிறார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் தேய்மானம் இல்லை, அதனால்தான் நடுக்குளம்.

காணிக்கையும் இல்லை, பொம்மையும் இல்லை. இரண்டாவது மில்லும் இல்லை.

எழுதி ஈஃபாவுக்கு அனுப்பிவிட்டேன். எழுதியது எழுதியபடியே, 'நானும் இதே தப்பைச் செய்தேன், அதனால் எனக்குத் தெரிகிறது' என்று.

9 பிப்ரவரி, ஞாயிறு

பதில் இல்லை. அனுப்பியிருக்கக் கூடாதோ? இரண்டு கோடை தோண்டிய மனுஷியிடம், அவர் தேடிய மில்லே இல்லை என்று மெனு கார்டு திருப்புகிறவள் சொல்வதா? ஸ்ரீகாந்திடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம்" என்றார்.

மத்தியானம் கொத்தமல்லி சாதம். உப்புப் போட மறந்துவிட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

பதில் வந்துவிட்டது! நீளமாக. 'உன் மெயிலைப் படித்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் வெகுதூரம் நடந்தேன். முதலில் உன் மேல் கோபம். திரும்பி வரும்போது என் மேல்' என்று ஆரம்பித்திருந்தார்.

அவர்களுக்கு ஏற்கனவே ஒன்று தெரியுமாம். அந்தத் தச்சர் மரம் செதுக்கும் வாய்ச்சியின் விளிம்பில் ஒரு சின்னப் பொக்கை விழுந்திருக்கிறது. செதுக்கும் இடத்தில் எல்லாம் அது மயிர் போல ஒரு கோடு விட்டுப்போகும். தேய்ந்த கரண்டிகளிலும் அந்தக் கோடு, குளத்துக் கரண்டியிலும் அதே கோடு. ஒரே ஆள், ஒரே வாய்ச்சி. ஒரே தச்சர் இரண்டு மில்லுக்கும் வேலை செய்தார் என்று ஈஃபா அதை வைத்துத்தான் வாதாடி வந்திருக்கிறார். 'ஒரே மில்லுக்கு வேலை செய்து ஒரு நாள் தவறினார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிரூபிக்க முடியாது, ராதா. ஆனால் என் மில்லையும் நிரூபிக்க முடியவில்லை. உன்னுடையதற்கு ஒரு மில் குறைவாகப் போதும்' என்று எழுதியிருக்கிறார்.

கடைசியில் ஒரு வேண்டுகோள். கண்காட்சியில் குளத்துக் கரண்டியின் நகல் ஒன்றும் வைக்கப்போகிறார்கள், அதன் பக்கத்தில் நம்முடைய தப்பான கரண்டி ஒன்றையும் வைக்க வேண்டுமாம். பெயரோடு.

தப்புக்குப் பெயர் போடுவதா! எனக்குக் கூச்சமாக இருந்தது. மீராசா பாயிடம் சொன்னேன். "என் பேரையும் போடச் சொல்லுங்க. தப்புல பாதி என்னுது" என்றார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பட்டறையில் எல்லோரும் லீவு போடாமல் வேலை செய்கிறார்கள். இன்னும் மூன்று கரண்டி பாக்கி. ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. நேராக அல் ஐனில்தான். யானைக்கே அடி சறுக்கும், எனக்கு ஏற்கனவே சறுக்கியாயிற்று. இன்னொரு தரம் சறுக்கக் கூடாது தாயே, மீனாட்சி.

18 பிப்ரவரி, செவ்வாய்

கடைசிக் கரண்டியைக் காலையில் அல் ஐனில் வைத்துத்தான் பூட்டினோம். பசை காய்வதற்குள் பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது. தன்யா முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், என்னவோ அவள் வீட்டுக் கல்யாணம் மாதிரி. இந்தப் பக்கம் சாதிக் சார் கோட்டு போட்டுக்கொண்டு. ஈஃபா விமானத்தில் வந்திருந்தார். நேரில் பார்த்தால் என்னைவிடக் குள்ளம்! கட்டிப் பிடித்து, "தமிழ்" என்றார். ழகரம் சுத்தம். பழகியிருக்கிறார்.

திறந்துவைக்க வந்த விருந்தாளி தூம்பின் கதவைத் தூக்கினார். தண்ணீர் தூம்பில் இறங்கியது. சக்கரம் அசைந்தது. மீராசா பாய் மெல்லக் கல்லை இறக்கினார். சக்கரம் தயங்கியது. மெனு கார்டு, பரோட்டா, பிரியாணி, ஃபலாஃபெல் எல்லாம் கண் முன்னால் வரிசையாகத் திரும்பின.

அப்புறம் கல் 'குர்ர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. சுற்ற ஆரம்பித்தது. நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்க்கிறேன், நிற்கவில்லை. கரண்டிக்குக் கரண்டி தண்ணீரை வாங்கித் தள்ளிக்கொண்டே போகிறது. கல்லின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. மாவு. பொலபொலவென்று மாவு!

"மாஷா அல்லாஹ்" என்று மீராசா பாய் சத்தமாகவே சொல்லிவிட்டார். பிள்ளைகள் கத்திய கத்தலில் ஹால் அதிர்ந்தது. ஈஃபா மாவைத் தொட்டு இரண்டு விரலில் தேய்த்துக்கொண்டே நின்றார், கண் நனைந்திருந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். இந்தத் தடவை குளியலறை தேவைப்படவில்லை.

"டோல்ட் யூ" என்று தன்யா தன் டீச்சரிடம் சொன்னாள்.

இனி பிரெட். அங்கேதான் இடி விழுந்தது. கண்காட்சி மாவை யாரும் சாப்பிடக் கூடாது, சுகாதார விதி என்று அதிகாரி ஒருவர் வந்து சொல்லிவிட்டார். தன்யாவின் மூஞ்சி விழுந்தது. எனக்கு என் மகளைத் தெரியாதா? முந்தின நாளே பார்லி வாங்கி, ரோலாவில் கரண்ட் மில்லில் அரைத்து, ரொட்டி சுட்டு டப்பாவில் கொண்டு போயிருந்தேன். வெளியே மரத்தடியில் வைத்துக் கொடுத்தேன். "ஆன்ட்டி, திஸ் இஸ் ஃப்ரம் தி மில்?" என்று ஒரு பையன் கேட்டான். "ஆமா ராஜா, மில்லுல அரைச்சதுதான்" என்றேன். பொய் இல்லையே.

19 பிப்ரவரி, புதன்

சாதிக் சார் என் மேஜைக்கு வந்தார். பரோட்டா மெனு கார்டில் ஒரு திருத்தமாம். உள்ளே சுருக்கென்றது. "இதை புதுசா வந்திருக்கிற பொண்ணுக்கிட்ட குடுத்துருங்க. எப்படித் திருப்பணும்னு சொல்லிக் குடுங்க" என்றார். நான்கு அடி போய்விட்டு நின்றார். "எப்போ திருப்பக் கூடாதுங்கிறதையும்."

13 ஏப்ரல், ஞாயிறு

அல் ஐன் போயிருந்தோம், மூன்று பேரும். கண்காட்சியின் அடுத்த ஹாலும் எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டது, அந்த ஊர்த் தோட்டங்களுக்கு நீர் கொண்டுவரும் பழைய வாய்க்கால்களைப் பற்றியது. வரைபடம் என் பொறுப்பு. அதற்கு அளவெடுக்கத்தான் போனேன். மீராசா பாய் இப்போது இரண்டு ஃபைலையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்த பிறகுதான் உளியை எடுக்கிறார். ஈஃபா இந்தக் கோடையில் இரண்டாவது மில்லைத் தேடப்போவதில்லையாம். தச்சர் உட்கார்ந்து செதுக்கிய இடம் எங்கே என்று தேடப்போகிறார்.

மில் பக்கம் போனோம். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. கூட்டமெல்லாம் கண்ணாடிப் பெட்டி முன்னால். உள்ளே இரண்டு கரண்டி, அக்காள் தங்கை மாதிரி. ஒன்றின் கீழே: 'துடுப்பு, நகல். பயன்படுத்தப்படாதது. தச்சர் திசை மாறிச் செதுக்கியிருக்கலாம்.' இன்னொன்றின் கீழே: 'துடுப்பு, ஷார்ஜா, 2025. ராதாவும் மீராசாவும் திசை மாறிச் செய்தது.' ஆங்கிலத்திலும் அரபியிலும்.

நம் ஊர்க்காரர் ஒருவர், மனைவி மகனோடு நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடி, தப்பா செஞ்சவங்க பேரைக் கண்ணாடிக்குள்ள வச்சுப் போட்டிருக்கான். சரியா செஞ்சது அங்க தனியா சுத்திக்கிட்டுக் கெடக்கு, அதுக்குப் பேரே இல்ல."

"ராதான்னு போட்டிருக்கே. நம்மாளா இருக்குமோ?"

"நம்மாளா இருந்தா இப்படியா செய்வா?"

ஸ்ரீகாந்த் என் முழங்கையைப் பிடித்தார். பிடித்து என்ன பண்ண?

"சரியா செஞ்சதும் அதே ஆளுங்கதாங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அந்த ராதா."

மனுஷர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் மனைவி இடுப்பில் ஒரு இடி இடித்தார். "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றவர் அடுத்த நொடியே, "ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்றார். பெட்டியை நடுவில் விட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். தன்யாவும் நுழைந்துகொண்டாள். அவர் கையை நீட்டி செல்ஃபி எடுத்தார்.

எடுத்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "அடடா, கண்ணாடி மாதிரி விழுந்திருக்கு. எழுத்தெல்லாம் இடம் வலமா மாறிப் போச்சு மேடம். இருங்க, திருப்பிடுறேன்."

எட்டிப் பார்த்தேன். என் பெயர் வாசிக்க முடியாமல் திரும்பிக் கிடந்தது. பக்கத்தில் எங்கள் கரண்டி சரியான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"திருப்பாதீங்க. அப்படியே எனக்கு அனுப்புங்க" என்றேன்.